பாட்டுப் புத்தகமும் ‘டார்கெட் ஆடியன்ஸ்’ பூச்சாண்டியும்

ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடந்து குடையிற சமாச்சாரம். இன்னிக்குக் கொட்டிடறேன். சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம்.

நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து, பதினாறு பக்கத்துல ஒரு இசைப் பத்திரிகைக்கு மாதிரிப் பிரதி தயார் பண்ணினோம். சினிமாப் பாட்டுதான் விஷயம். பாட்டு எழுதினது யாரு, அந்த இடையிசையில வர்ற புல்லாங்குழல் யாரு, என்ன ராகம்... இப்படி. வடிவமைப்புல கரைகண்ட ஒருத்தர்கிட்ட காட்டினோம்.

“யாருக்கு விக்கப் போறீங்க?”

“வல்லம் வடகால்ல தங்கி ஃபேக்டரி வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு.”

சிரிச்சார். “அவங்க ரீல்ஸ் பாக்கறவங்க சார். அட்டையில ஹீரோ மூஞ்சியப் பெருசா போடுங்க. எழுத்தைப் பாதியாக் குறைங்க. அழகுக் குறிப்பு ரெண்டு பக்கம் சேருங்க. இந்த டார்கெட் ஆடியன்ஸுக்கு அதான் எடுபடும்.”

அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். பதில் இப்பதான் சொல்றேன்.

அண்ணே, நீங்க வேதம் மாதிரி ஒப்பிக்கிற விதியெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? மேல்நாட்டுக் கடையில பத்திரிகைகளை ஒண்ணு மேல ஒண்ணு சரிச்சு அடுக்குவாங்க. இடப்பக்க ஓரம்தான் கண்ணுல படும். அதனால முக்கியமான தலைப்பையெல்லாம் இடது ஓரத்துல வெச்சாங்க. நம்ம பெட்டிக்கடையில கயித்துல கிளிப் போட்டுல்ல தொங்க விடறோம்? இங்க எதுக்குய்யா அந்த விதி?

விதியே கூடாதுன்னு சொல்லலை. 1981ல இங்கிலாந்துல ‘கெராங்’ வந்துச்சு. கிடாரை ஓங்கி ஒரு அடி அடிச்சா வர்ற சத்தம்தான் பேரு. தலைப்பு எழுத்துகூட உடைஞ்ச கண்ணாடி மாதிரி இருக்கும். மெட்டல் கேக்கிற பையன் தூரத்துலேருந்தே ‘இது நம்மாளு’ன்னு கண்டுபிடிச்சுடுவான். 1978ல வந்த ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’, பதின்ம வயசுப் பசங்களுக்குப் பாட்டு வரிகளை வண்ணப் படத்தோட அச்சடிச்சுக் குடுத்துச்சு. 2006 வரைக்கும் ஓடிச்சு. ரெண்டும் வாசகனைத் தெரிஞ்சுக்கிட்டு பண்ணின வடிவமைப்பு. அவனைக் குறைச்சு எடைபோட்டு பண்ணினது இல்லை.

நம்ம ஊர்ல? 1983ல பட்டாபிராமன் சென்னையில ‘ஸ்ருதி’ தொடங்கினார். கர்நாடக சங்கீதம், நாட்டியம்... ஆனா இங்கிலீஷ். 1993ல அலகாபாத்துலேருந்து ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’, 2008ல ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’. அதுவும் இங்கிலீஷ். அவங்க வாசகர் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, சந்தோஷம். ஆனா தமிழ்ல பாட்டுக் கேக்கிற கோடிக்கணக்கான ஜனம் யாரோட கணக்குல வருது?

ஒரே ஒருத்தர் கணக்குல வந்துச்சு. தியேட்டர் வாசல்ல பாட்டுப் புத்தகம் வித்தாரே, அவர் கணக்குல! சாணித்தாள், கையடக்கம், சில்லறைக் காசு. கதையைச் சொல்லிக்கிட்டே வந்து முக்கியமான இடத்துல நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில பாத்துக்கச் சொல்லும். பின்னாடி பாட்டு முழுசா. எழுதினவர் பேரு, இசையமைச்சவர் பேரு. இவங்களுக்கு எதுக்கு இந்த விவரமெல்லாம்னு அவர் நினைக்கலை. காசு குறைவா இருந்தாலும் வாசகருக்கு அறிவு குறைவுன்னு அவர் முடிவு பண்ணலை.

எங்க அக்கா அந்தப் புத்தகங்களைச் சேத்து, கோணி ஊசியால தைச்சு, டிரங்குப் பெட்டியில வெச்சிருந்தா. அவ பொண்ணு இப்ப வல்லம் வடகால் ஹாஸ்டல்ல இருக்கு. சிப்காட் 706.50 கோடி ரூபாய் செலவுல கட்டி, 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்களே, 18,720 பேர் தங்கற இடம், அதுலதான். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கண்ணு எரிய வந்தாலும் ஒரு நாற்பது பக்க நோட்டுல பாட்டு எழுதி வைக்குது. போன ஞாயித்துக்கிழமை பாக்கப் போனப்ப காட்டுச்சு. ஒவ்வொரு பாட்டுக்கும் மேல படம், இசை, பாடினவர் எல்லாம் இருக்கு. ஒரு பாட்டுக்கு மட்டும் ‘பாடல்:’னு போட்டு பக்கத்துல வெறும் கோடு.

“என்னம்மா இது?”

“போன்ல பாடினவங்க பேரு மட்டும்தான் மாமா வருது. எழுதினது யாருன்னு தெரியலை. தெரிஞ்சா எழுதிக்கலாம்னு இடம் விட்டிருக்கேன்.”

அந்தக் காலி இடம் இருக்கே... அதான் அண்ணே எங்க டார்கெட் ஆடியன்ஸ். அங்க நீங்க அழகுக் குறிப்பு போடச் சொல்றீங்க!

கணக்கும் போட்டுடுவோம். அந்த ஒரு ஹாஸ்டல் நிரம்பியிருந்தா, இருபது பேர்ல ஒருத்தர் பத்து ரூபாய்க்கு வாங்கினாலே 936 பிரதி. ஐந்நூறு பிரதி அடிச்சுட்டு பாதியைக் கட்டில் அடியில வெச்சிருக்கிற சிற்றிதழ்க்காரரைக் கேளுங்க, 936 பெருசா சிறுசான்னு. ஒருத்தர்கூட வாங்காம போகலாம்தான். ஆனா அதை வித்துப் பாத்துட்டுச் சொல்லணும். ஏசி ரூம்ல உக்காந்து மூஞ்சியைக் கற்பனை பண்ணிக்கிட்டுச் சொல்லக் கூடாது.

எழுத்தைக் குறைக்கப் போறதில்லை. அட்டையில ஹீரோவும் கிடையாது. ஒரு பாட்டு நோட்டுப் பக்கத்தை அப்படியே போடப் போறோம், ‘பாடல்:’னு எழுதி, பக்கத்துல அந்தக் கோட்டோட. பதில் உள்ள இருக்கும்.

என்ன நான் சொல்றது?

டிஸ்கி: அந்தப் பாட்டை எழுதினது யாருன்னு தேடிப் பிடிச்சு மருமகளுக்குச் சொல்லியாச்சு. “தேங்க்ஸ் மாமா, இன்னும் ஏழு பாட்டு இருக்கு”ங்குது!