ஏட்டில் அடங்காத பாங்கு

இசைக்கலை ஏட்டிலே எழுதப்படலாம். ஆயினும் அது வாழ்வது, கேட்டுப் பயின்றவர் கையிலும் குரலிலுமே என்பது நம் துணிபு. இதற்குக் கல்கத்தா நகரிலே ஒரு சான்றுண்டு.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையின் தொடக்ககாலப் பியானோ வல்லுநருள் ஒருவர் டெடி வெதர்போர்ட். 1926 இல் சிக்காகோவில் லூயி ஆம்ஸ்ட்ரோங்குடன் இசைத்தட்டுக்கு வாசித்த அவர், அவ்வாண்டிலேயே கீழைத்தேயம் நோக்கிப் புறப்பட்டார். பம்பாய்த் தாஜ்மகால் ஹோட்டலிலும், இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலிலும் இசைக்குழுத் தலைவராய் விளங்கி, 1945 இல் கல்கத்தாவிலேயே வாந்திபேதியால் மறைந்தார். அவர் குழுவிற் பல இனத்தவர் அமர்ந்து வாசித்தனர். தாளில் எழுதிய சுரங்கள் எவர்க்கும் கிடைக்கும். அவற்றைச் சற்றே முந்தியும் பிந்தியும் இசைக்கும் நயமோ, தலைவரின் அருகிருந்தே கைவரப்பெறுவது.

நம் மன்னார் நாட்டுக்கூத்தின் நிலையும் இதுவே. ஆடுவோரையும் பாடுவோரையும் மத்தளகாரரையும் ஒருங்கே நடத்தும் அண்ணாவியார் அத்தகைய குழுத் தலைவரே. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகை மரபுகள் இங்கு வழங்குகின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘மூவிராசாக்கள் நாடகம்’ முதலியவற்றைப் பதிப்பித்தமை போற்றத்தக்க பணி. அதனாற் பாட்டு அழியாது நின்றது. பாங்கை அச்சிலேற்ற எவராலும் இயலாது.

இக்கூத்துகளுட் பல கத்தோலிக்க மக்கள் வளர்த்தவை. இந்துக் கல்லூரிக்கு இவற்றால் ஆவதென்ன எனச் சிலர் வினவலாம். வெதர்போர்ட்டின் அருகமர்ந்தவர் அவரது நிறத்தையும் நாட்டையும் எண்ணி ஒதுங்கியிருப்பின், ஒன்றும் கற்றிருக்கமாட்டார். மாதோட்டத்து மெட்டு மாதோட்டத்தார் அனைவர்க்கும் உரியது.

1990 இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் 2015 இல் மீண்டும் ஓடிற்று. தண்டவாளத்தைப் புதிதாய் இடலாம். அண்ணாவியாரோடு அறுந்த பாங்கை இடுவார் யார்? இக்காலத்துக் கைத்தொலைபேசியிலே கூத்தைப் பதிவுசெய்தல் எளிது. அது பயிற்சிக்கு ஈடாகாது.

ஆதலின், கல்லூரிக்குக் கட்டடமும் கருவிகளும் உவந்தளிக்கும் பழைய மாணவர், முதிய அண்ணாவியார் ஒருவர்க்குத் தக்க ஊதியமும் அளித்து, ஆண்டுக்கொரு கூத்தேனும் மாணவர் முழுமையாகப் பயில வகைசெய்தல் வேண்டும். அடுத்த விழாவரை காத்திருத்தற்கு அம்முதியோர்க்குக் காலம் இல்லை.