எஸ்.எம்.பி.எஸ் வாங்கப் போறீங்களா? பெட்டியை விடுங்க, ஸ்டிக்கரைப் பாருங்க!

தாம்பரம், முடிச்சூர், சேலையூர் பக்கம் மழை நாளில் கரன்ட் போய்ப் போய் வரும். அந்த அடியை முதலில் வாங்குவது டெஸ்க்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ்.தான். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை லட்சத்துக்கு கிராபிக்ஸ் கார்டு எடுப்பவர்கள்கூட, 'கேபினெட்டோட வர்றதே போதும்ணே' என்று இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

பெட்டியில் '450 வாட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். நம்பாதீங்க. ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்க. அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 12 x 18 = 216 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

'80 பிளஸ்' முத்திரை, கரன்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவுகோல் மட்டுமே. எஸ்.எம்.பி.எஸ் பழுதானால் மதர்போர்டு தப்புமா என்பதை அது சொல்லாது. அதற்கு ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்க. வாடகை வீட்டில் எர்த்திங் சரியில்லையா? கடைக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.