கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதில் அவகேடோ சாப்பிடலாமா?

கொடைக்கானல், ஏற்காடு என்று மலையேறிவிட்டுத் திரும்பும்போது சாலையோரக் கூடைகளில் பார்த்த பழம்தான். ஜூஸ் கடை போர்டில் 'பட்டர் ஃப்ரூட்' என்று எழுதியிருக்கும். குழந்தைகள் கேட்டால் வாங்கிக் கொடுப்போம், அதோடு சரி. இன்று அதே பழம் 'அவகேடோ' என்ற பெயரில், ஸ்டிக்கர் ஒட்டி, சூப்பர் மார்க்கெட்டில் தனி இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. கூடவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு செய்தியும் சுற்றுகிறது: 'தினமும் ஒரு அவகேடோ சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் கரையும், ஹார்ட் அட்டாக் வராது, மாத்திரையே தேவையில்லை.'

இதில் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கடைசிப் பகுதியில் ஆபத்து இருக்கிறது. எது எவ்வளவு என்று பார்க்கலாம்.

கொழுப்பு நிறைந்த பழம் எப்படி இதயத்துக்கு நல்லது?

நியாயமான சந்தேகம். பெரும்பாலான பழங்களில் சர்க்கரைதான் அதிகம், கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அவகேடோவில் இது அப்படியே தலைகீழ். 100 கிராம் சதைப்பகுதியில் சுமார் 15 கிராம் கொழுப்பு இருக்கிறது. சர்க்கரை 1 கிராம்கூட இல்லை. கலோரி சுமார் 160.

ஆனால், கொழுப்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல. அந்த 15 கிராமில் ஏறக்குறைய 10 கிராம், 'மோனோ அன்சாச்சுரேட்டட்' என்ற வகை. ஆலிவ் எண்ணெயில் அதிகம் இருப்பதும், நம் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் கணிசமாக இருப்பதும் இதே வகைதான். வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு இந்தப் பழத்தில் 2 கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. இவற்றோடு சுமார் 7 கிராம் நார்ச்சத்து, 485 மில்லிகிராம் பொட்டாசியம், ஃபோலேட் ஆகியவையும் உண்டு. எல்லாத் தாவர உணவுகளையும் போல இதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.

கெட்ட கொலஸ்ட்ரால் எப்படிக் குறைகிறது?

கொலஸ்ட்ரால் முழுக்க முழுக்க எதிரி அல்ல. உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் அது தேவை. அதில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் அதைச் சுமந்து செல்லும் துகள்களில் எல்.டி.எல் என்பது அளவுக்கு மீறும்போதுதான் ரத்தக்குழாய்ச் சுவரில் படியத் தொடங்குகிறது. பல வருடங்கள் சத்தமே இல்லாமல் நடக்கும் வேலை அது. ஒருநாள் அந்தப் படிவம் வெடித்து ரத்தம் உறைந்தால், அதுதான் மாரடைப்பு.

ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்லைப் பிடித்து அகற்றுவது கல்லீரலின் வேலை. நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால் கல்லீரலின் அந்தத் திறன் குறைகிறது. அந்த இடத்தில் மோனோ அன்சாச்சுரேட்டட் கொழுப்பு வந்தால் நிலைமை சீராகிறது. அவகேடோவின் முதல் உதவி இது.

இரண்டாவது, நார்ச்சத்து. குடலில் பித்தநீரின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். இழந்த பித்தநீரை மறுபடி தயாரிக்க, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, பீட்டா சிட்டோஸ்டீரால் என்ற தாவரப் பொருள். பார்க்க கொலஸ்ட்ரால் மாதிரியே இருப்பதால், குடலில் கொலஸ்ட்ரால் உள்ளே நுழையும் இடத்தில் போட்டிக்கு நின்று, அதில் கொஞ்சத்தைத் தடுக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடை அதிகமுள்ள 45 பேருக்கு மூன்று விதமான உணவுமுறைகளை, ஒவ்வொன்றையும் ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு குறைந்த உணவில் எல்.டி.எல் சுமார் 7 மில்லிகிராம் குறைந்தது. நல்ல கொழுப்பு கொஞ்சம் சேர்த்த உணவில் 8. அதே அளவு நல்ல கொழுப்பை தினம் ஒரு அவகேடோ மூலமாகக் கொடுத்தபோது 13.5. இணையத்தில் அதிகம் பகிரப்படுவது இந்த 13.5-தான். ஆனால், அங்கே மொத்தச் சாப்பாட்டையும் அளந்து கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள். பழம் மட்டும் தனியாகச் செய்த மாயம் அல்ல அது.

2022-ல் வெளியான இன்னோர் ஆய்வு, நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமானது. இடுப்புச் சுற்றளவு அதிகமுள்ள சுமார் 1,000 பேர். ஒரு பிரிவினர் ஆறு மாதங்களுக்கு தினமும் ஒரு அவகேடோ சாப்பிட வேண்டும். மற்ற எதையும் மாற்றச் சொல்லவில்லை. இன்னொரு பிரிவினர் வழக்கம்போல் இருக்க வேண்டும். முடிவு? வயிற்றுக்குள் சேரும் கொழுப்பில் இரு பிரிவினருக்கும் வித்தியாசம் இல்லை. எல்.டி.எல்லில் கிடைத்த வித்தியாசம் வெறும் 2.5 மில்லிகிராம். ஆறுதலான விஷயம், தினமும் ஒரு முழுப் பழம் சாப்பிட்டும் எடை கூடவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் நிதி தந்தது அமெரிக்காவின் அவகேடோ வணிக அமைப்பான ஹாஸ் அவகேடோ போர்டு. அதனால் ஆய்வே பொய் என்று ஆகிவிடாது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பதையும் அவர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனாலும் படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, அதே 2022-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. செவிலியர்கள், மருத்துவத் துறை ஊழியர்கள் என ஒரு லட்சத்து பத்தாயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களை சுமார் 30 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பாதிப் பழம் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 21 சதவிகிதம் குறைவாக இருந்தது. பக்கவாதத்தில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. பழம்தான் காரணம் என்று இதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பொதுவாக அவகேடோ சாப்பிடுகிறவர்கள் காய்கறி, பழம் என்று மற்றவற்றையும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள்.

ரிப்போர்ட்டில் எவ்வளவு மாறும்?

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒருவருடைய ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல் 160 என்று வைத்துக்கொள்வோம். 100-க்குக் கீழ் இருப்பது நல்லது, 160 என்பது அதிகம்.

மற்ற எதையும் மாற்றாமல் தினம் ஒரு அவகேடோ மட்டும் சேர்த்தால், 2022 ஆய்வின்படி 157 அல்லது 158 ஆகலாம். மொத்த உணவையும் சீரமைத்து அதில் அவகேடோவும் இருந்தால், 2015 ஆய்வின்படி 146 வரை இறங்கலாம். டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரை, மிதமான அளவிலேயே எல்.டி.எல்லை 30 சதவிகிதம் அல்லது அதற்கு மேலும் குறைக்கும். அதாவது 160 என்பது 112-க்கு வந்துவிடும்.

157 எங்கே, 112 எங்கே? 'மாத்திரைக்குப் பதில் பழம்' என்ற பேச்சு அடிபட்டுப்போவது இங்கேதான்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு எல்.டி.எல் 70-க்கும் கீழே இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் எதிர்பார்ப்பார்கள். 'அதான் நார்மல் ஆகிடுச்சே' என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்துகிறவர்கள் பல வீடுகளில் உண்டு. நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அதேபோல, எல்.டி.எல் 190-ஐத் தாண்டினால் பரம்பரைக் காரணம் இருக்கக்கூடும். அதற்கு சாப்பாட்டு மாற்றம் மட்டும் போதாது.

அப்படியானால் அவகேடோ வேண்டாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், 'எதோடு சேர்த்து' என்பதைவிட 'எதற்குப் பதிலாக' என்பதுதான் முக்கியம்.

ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் சுமார் 100 கலோரி, அதில் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 70 கிராம் அவகேடோவில் சுமார் 110 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். கூடவே நார்ச்சத்தும் கிடைக்கிறது. கலோரி ஏறக்குறைய சமம், கிடைப்பது வேறு. ஹார்வர்டு ஆய்விலும், வெண்ணெய், சீஸ், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் அவகேடோ சேர்த்தால் பலன் கிடைக்கும் என்றே கணக்கு காட்டியது.

பிரெட்டில் வெண்ணெய்க்குப் பதில் மசித்த அவகேடோ தடவலாம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை பொடியாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து பிசைந்தால் சப்பாத்திக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். தயிர் பச்சடியிலும் சேர்க்கலாம். அடுப்பில் வைத்து அதிக நேரம் சூடாக்கினால் கசந்துவிடும். உப்பை மட்டும் அளவாகப் போடுங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது அவசியம்.

ஜூஸ் கடையில் என்ன நடக்கிறது?

நம் ஊரில் பலருக்கும் இந்தப் பழம் அறிமுகமானதே ஜூஸாகத்தான். பால், நாலைந்து ஸ்பூன் சர்க்கரை, சில கடைகளில் மேலே ஒரு ஸ்கூப் ஐஸ்க்ரீம். நாலைந்து ஸ்பூன் என்றாலே 20 கிராம் சர்க்கரை வந்துவிடும். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகப்படி சர்க்கரை, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பை ஏற்றும். பழம் செய்யும் நல்லதை சர்க்கரை தட்டிப் பறித்துவிடும். வீட்டில் அடிப்பதாக இருந்தால் சர்க்கரை இல்லாமல், இரண்டு பேரீச்சம்பழம் போதும்.

எவ்வளவு சாப்பிடலாம்?

ஆய்வுகளில் 'ஒரு அவகேடோ' என்பது பெரும்பாலும் ஹாஸ் ரகம். தோல் கறுத்த, கைக்கு அடக்கமான பழம். சதைப்பகுதி சுமார் 136 கிராம். பாதி என்றால் 70 கிராமுக்குள். நம் பழனி மலையடுக்குகளில் காபித் தோட்டங்களுக்கு நடுவே விளையும் பச்சைத்தோல் பழங்கள் பல மடங்கு பெரிதாகவும் இருக்கும். அதில் 'பாதி' என்பது ஒருவருக்கு அதிகம். நாலைந்து மேசைக்கரண்டி சதை என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

காயாக வாங்கினால் கவலை வேண்டாம். இது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். அரிசி டப்பாவிலோ, வாழைப்பழத்தோடு காகிதப் பையிலோ வைத்தால் சில நாட்களில் பழுத்துவிடும். லேசாக அழுத்தினால் விரல் பதிய வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகப் பாதிப்பு காரணமாக பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், திடீரென்று தினசரி சேர்க்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. லேடெக்ஸ் கையுறை, பலூன் போன்றவற்றால் அலர்ஜி வருபவர்களில் சிலருக்கு அவகேடோவும் ஒத்துக்கொள்ளாது. வாயில் அரிப்பு, தடிப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

விலை கட்டுப்படி ஆகவில்லையா?

விட்டுவிடலாம், எந்த நஷ்டமும் இல்லை. ஹார்வர்டு ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது: பருப்புக் கொட்டைகள், தாவர எண்ணெய்கள் ஆகியவற்றுக்குப் பதிலாக அவகேடோ சாப்பிட்டால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அதாவது, ஒரு கைப்பிடி வேர்க்கடலை சாப்பிடுகிறவர், அதை நிறுத்திவிட்டு விலை அதிகமான பழத்துக்கு ஓட வேண்டியதில்லை. வறுத்த கடலையோ, அவித்த கடலையோ, எள்ளுத் துவையலோ, அளவாகச் சாப்பிட்டால் அதே வகை நல்ல கொழுப்பு கிடைத்துவிடும். நார்ச்சத்துக்குக் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கொய்யா, கீரை எல்லாம் பக்கத்துக் கடையிலேயே இருக்கின்றன.

வீட்டில் யாருக்காவது கொலஸ்ட்ரால் இருந்தால் இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்.டி.எல் எவ்வளவு என்று பாருங்கள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேளுங்கள். பலகாரம், வெண்ணெய், பேக்கரி ஐட்டங்களில் எதைக் குறைக்கலாம் என்று சேர்ந்து முடிவெடுங்கள். அந்த இடத்தில் அவகேடோ வந்தாலும் சரி, வேர்க்கடலை வந்தாலும் சரி, இதயம் வித்தியாசம் பார்ப்பதில்லை.