பால்கனித் தொட்டியும் பத்து வருஷமும்

எங்கள் சொசைட்டிப் பிள்ளைகள் மத்தியில் எனக்கு 'குச்சி அங்கிள்' என்று பெயர். வங்கியில் கடன் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு ஒரு பட்டமும் கிடைக்கவில்லை. நாலு செம்பருத்திக் குச்சியைத் தொட்டியில் ஊன்றியதற்கு இது கிடைத்திருக்கிறது :-)

மயூர் விஹாருக்குக் குடிவந்த புதிதில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு முருங்கைப் போத்து கொண்டுவந்தேன். கூட வந்த பயணிகள் எல்லாம் அது என்ன ஆயுதம் என்பது போலப் பார்த்தார்கள். சொசைட்டி மதிலோரம் ஊன்றினேன், பிடித்துக்கொண்டது. அதிலிருந்து தொடங்கியது பைத்தியம். இன்றைக்குப் பால்கனியில் இருக்கிற முல்லை, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாமே யார் வீட்டிலிருந்தோ ஒடித்து வந்தவைதான்.

இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. குச்சியை நேரே மண்ணில் வை என்கிற கட்சி. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் குச்சியைப் போட்டு, ஜன்னலோரம் வைத்து தினமும் வேரை ரசிப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரில் வந்த வேர் சொகுசு வேர். மண்ணுக்கு மாற்றும்போது பட்டென்று ஒடியும், செடி பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதி மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் வைத்து, மேலே ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்தால் போதும். டெல்லியில் மே மாதம் இந்த வேலைக்கு ஆகாது. ஜூலை, ஆகஸ்ட் மழைதான் சரி. முக்கியமாக, வேர் வந்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்க்கக்கூடாது. (கடன் கொடுத்தவனுக்கும் இதே விதிதான். ஆனால் எங்கள் மேலிடம் அதை ஒப்புக்கொள்வதில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. மூன்றாம் மாடித் தமிழ்க் குடும்பத்துப் பையன் வந்தான். பத்தொன்பது வயது, கல்லூரி இரண்டாம் வருஷம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி. வீட்டில் தமிழ், வெளியே இந்தி. கையில் ஈரச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"அங்கிள், இதை நேரா மண்ணுல வெச்சா வேர் விடுமா?"

பிரித்துப் பார்த்தேன். விரல் விரலாக விரிந்த, ஓரம் ரம்பம் போன்ற இலை. யமுனைக் கரை நர்சரிகளுக்கு நடந்துபோகிறவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. பாதையோரம் தானாக மண்டிக் கிடக்கும், மாடு கூட சீண்டாது. கஞ்சாச் செடி. வட இந்தியாவில் இது நம் ஊர் எருக்கு மாதிரி, யாரும் விதைக்காமல் முளைக்கும்.

பையன் ரொம்பப் படித்துவிட்டு வந்திருந்தான். விதை போட்டால் ஆண் செடியா பெண் செடியா என்று பூக்கும்வரை தெரியாதாம், குச்சி வைத்தால் தாய்ச்செடி எதுவோ அதுவேதானாம். அதெல்லாம் சரிதான். "அம்மாகிட்ட ஏதோ மூலிகைன்னு சொல்லிடலாம் அங்கிள். ரோட்டோரமே இவ்வளவு இருக்கு, ஒரு தொட்டில வெச்சா என்ன? ஹோலிக்கு பாங் குடிக்கறாங்களே, அது லீகல்தானே?"

அவன் கேட்டதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது கிலோமீட்டர் தள்ளி உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற பாங் கடை இருக்கிறது. இதே செடியின் இலைதான் அங்கே விற்கிறது. ஒரு பையன் வேறு எப்படி யோசிப்பான்?

குச்சியை ஊன்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் அவனே ஊன்றுவான், அதுவும் நான் சொல்லிக்கொடுத்த அதே முறையில். அதனால் உட்காரவைத்துச் சட்டத்தைப் பிரித்தேன். (டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பி.காம் படித்தவன். ஆனால் ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தைப் படிப்பதுதான் பிழைப்பு.)

1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், என்டிபிஎஸ் என்று செய்தித்தாளில் வருவது. அதில் கஞ்சா என்பதற்கு விளக்கம், செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். நுனி சேராத வெறும் இலையும் விதையும் அதில் வராது. பாங் தப்பித்தது இந்த ஓட்டை வழியாகத்தான். ஆனால் அதே சட்டம் 'கஞ்சாச் செடி' என்பதற்குத் தனி விளக்கம் வைத்திருக்கிறது: அந்த இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். 8-வது பிரிவு அந்தச் செடியைப் பயிரிடக்கூடாது என்கிறது. இலைக்காக வளர்த்தேன், அழகுக்காக வளர்த்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமம் இருந்தால் தனிக்கதை. உத்தராகண்டில் 2018 முதல் நாருக்காகப் பயிரிட உரிமம் கொடுக்கிறார்கள். பால்கனிக்கு யாரும் கொடுப்பதில்லை.

தண்டனை 20-வது பிரிவில். இங்கேதான் கணக்குப் பிள்ளையான எனக்கே தலை சுற்றியது. ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அது 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஒரு வருஷம் கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் செடி வளர்த்தால் சிறிய அளவு, பெரிய அளவு என்ற படிகளே கிடையாது. பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மலைச்சரிவில் ஏக்கர் கணக்கில் போட்டவனுக்கும் தொட்டியில் ஒரு குச்சி வைத்தவனுக்கும் அதே பிரிவு, அதே உச்சவரம்பு. குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லாததால் நீதிபதி பார்த்துக் குறைக்கலாம். ஆனால் அது தீர்ப்பு வரும்போது. கைதும் ஜாமீன் அலைச்சலும் அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

இன்னொன்று கேளுங்கள். 2001-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சின்னதாக மாட்டிக்கொள்பவர்களுக்குத் தண்டனையைக் குறைத்து, அளவுக்கு ஏற்றபடி படிப்படியாக ஆக்குவது நோக்கம். நல்ல காரியம். அதே திருத்தத்தில் பயிரிடுவதற்கான உச்சத் தண்டனை ஐந்திலிருந்து பத்து வருஷமாக ஏறியது. வட்டியைக் குறைத்துவிட்டு பிராசஸிங் ஃபீஸை இரண்டு மடங்காக்குவது போல!

பையன் விடவில்லை. "அங்கிள், அதுவா முளைச்சதுன்னு சொல்லிட்டா?"

இதற்கும் பதில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஒருவருடைய இடத்தில் இருந்த சில கஞ்சாச் செடிகளுக்காகப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2004-ஆம் வருஷத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. விதை இயற்கை வழியில் விழுந்து தானாக முளைத்திருக்கலாம், செடி இருக்கிறது என்பதாலேயே பயிரிட்டான் என்று ஆகாது, பயிரிட்டான் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று சொல்லி அவரை விடுவித்தார்கள். நியாயமான தீர்ப்பு.

ஆனால் தம்பி, விதையைக் காக்கை போடும். குச்சியை எந்தக் காக்கை கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, அடி இலையைக் கிள்ளி, மணல் கலந்த தொட்டியில் ஊன்றி, பாலிதீன் பை கவிழ்க்கும்? மண்ணில் ஊன்றிய குச்சியே வாக்குமூலம். நீ பெருமையாகக் கற்றுக்கொண்ட வித்தைதான் உனக்கு எதிரான சாட்சி. போதாததற்கு, குற்ற எண்ணம் இருந்தது என்றே நீதிமன்றம் முதலில் ஊகித்துக்கொள்ளவேண்டும், இல்லை என்று காட்டுவது உன் பாடு என்கிறது 35-வது பிரிவு. 25-வது பிரிவோ, தெரிந்தே வீட்டில் இடம் கொடுத்தவனுக்கும் அதே தண்டனை என்கிறது. வங்கி பாஷையில் சொன்னால் உன் அப்பாதான் ஜாமீன்தாரர், அவர் கையெழுத்தே போடவில்லை என்றாலும் 'தெரியும்' என்றால் போதும்.

இதையெல்லாம் பையன் கேட்டுக்கொண்டான், முகம் மாறவில்லை. மாறியது பாஸ்போர்ட் பேச்சு வந்தபோதுதான். மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிற கனவு அவனுக்கு. கிரிமினல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட்டை மறுக்க 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் வழி இருக்கிறது. தண்டனை கூட வேண்டாம், வழக்கு போதும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் போக நினைக்கும் ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தவர் மூன்று செடி வரை வீட்டில் வளர்க்கலாம். நம் சொந்தக்காரர்கள் கொட்டிக்கிடக்கும் கனடாவில் 2018 அக்டோபர் முதல் வீட்டுக்கு நாலு செடி, பெரும்பாலான மாநிலங்களில். அதே நேரம் சிங்கப்பூரில் 2023 ஏப்ரலில், ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகமான கஞ்சாவைக் கடத்தத் துணைபோனதாகத் தங்கராஜு சுப்பையா என்ற தமிழரைத் தூக்கில் போட்டார்கள். ஒரே செடிதான். நம்மைப் போலப் பிழைப்புக்கு ஊர் ஊராகப் போகிற சனங்களுக்கு, எந்த எல்லைக்குள் நிற்கிறோம் என்பது தெரிந்தே ஆகவேண்டிய விஷயம்.

இப்போது என் கருத்து. இரண்டு தரப்பும் என்னைத் திட்டும்.

ஒன்று, இந்தச் சட்டப்பிரிவு சரியில்லை. யமுனைக் கரையில் தானாக நின்றால் புதர், அதே செடியை ஒடித்து என் தொட்டியில் வைத்தால் பத்து வருஷம் என்பதை ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. வளர்க்க அனுமதி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வைத்திருப்பதற்குச் 'சிறிய அளவு' என்று ஒரு படி இருப்பது போல, ஒன்றிரண்டு செடிக்கும் ஒரு படி வையுங்கள், எச்சரிக்கையும் அபராதமும் போதும் என்கிறேன். வெள்ளைக்காரன் 1893-இல் ஒரு கமிஷன் போட்டு, ஊர் ஊராக விசாரித்து, முழுத் தடை வேண்டாம் என்று அடுத்த வருஷம் அறிக்கை வாங்கினான். நாம் அந்த அளவுக்காவது உட்கார்ந்து யோசிக்கலாம்.

இரண்டு, அதற்காக இது ஒன்றும் துளசி இல்லை. சின்ன வயதில் தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து அதிகம் என்பது மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். 'சிவன் பிரசாதம்' என்று சிரித்துக்கொண்டே ஹோலிக்குத் தண்டாயில் கலந்து குடித்துவிட்டு, மறுநாள் பிள்ளையிடம் 'சீ, கெட்ட பழக்கம்' என்று சொல்லும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்பார்கள் ஊரில். முதல் பாதிக்கு என் மதிலோர மரமே சாட்சி. இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்துக்காட்ட அரைமணி நேரம் போதும். நம் வீடுகளில் அந்த அரைமணி நேரம்தான் இல்லை. ஐஐடி கட்-ஆஃப் பேச நேரம் இருக்கிறது.

அந்தக் குச்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பையனே எடுத்துப்போய் எங்கிருந்து ஒடித்தானோ அந்தப் புதரிலேயே எறிந்துவிட்டு வந்தான். கூடவே நடந்தேன். திரும்பும்போது சொன்னேன், "அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்." ஒரு வாரம் டைம் கொடுத்தேன். சொன்னான், ஆறாவது நாள்.

அவன் அப்பா என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: "சார், அன்னிக்கே ஏன் எங்கிட்ட சொல்லல?" அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். என்னிடம் உருப்படியான பதில் இல்லை. வீட்டுக்காரியும் அவர் பக்கம்தான். "நம்ம பையனா இருந்து அடுத்த வீட்டுக்காரர் ஒரு வாரம் மறைச்சிருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றாள். சும்மா இருந்திருக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கே நான் மாடியேறிப் போய்ச் சொல்லியிருந்தால், அடுத்த முறை அந்தப் பையன் பொட்டலத்தை யாரிடமும் காட்டியிருக்க மாட்டான் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அவர் இப்போதும் லிஃப்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். பையன் போன மாதம் வந்து செம்பருத்திக் குச்சி இரண்டு வாங்கிப்போனான். ஒன்று பிடித்துக்கொண்டதாம். மற்றதை நடுவில் பிடுங்கிப் பார்த்திருக்கிறான்.