நடுவில் எவருமில்லையாம்!

சென்ற வாரம் கல்லடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தமது கைத்தொலைபேசியைத் திறந்து காட்டினார். செய்தி அனுப்புவதற்கும் மறையீட்டு நாணயம் வைத்திருப்பதற்கும் ஒரே செயலி, பெயர் ஸ்டேட்டஸ். "ஐயா, இதில நடுவில ஒருத்தரும் இல்ல. ஒருத்தராலயும் மறிக்க ஏலாது" என்றார். நான் மறுத்தேன். அந்த மறுப்பையே இங்கு பதிந்து வைக்கிறேன்.

அவரது ஆசையை நான் பழிக்கவில்லை. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 அன்று எமது சீயோன் தேவாலயம் குண்டுக்கு இரையான அதே நாளிலும் முடக்கப்பட்டன. அதற்கும் முன்னர், 2004 மே 31 அன்று ஐயாத்துரை நடேசன் இந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். யார் யாருடன் பேசுகிறார் என்பது எமக்கு உயிர் சம்பந்தப்பட்ட விடயம். ஆகவேதான் 'நடுவில் எவருமில்லை' என்ற சொல்லை நான் இலகுவில் விழுங்க மாட்டேன்.

ஸ்டேட்டஸ் முதலில் எதீரியத்தின் விஸ்பர் என்ற நெறிமுறையில் இயங்கியது. எல்லாச் செய்தியும் எல்லோரிடமும் செல்லும். உரியவர் மட்டுமே திறக்க முடியும். யாருக்கு வந்தது என்பதை மறைக்க அது நல்ல உபாயம். ஆனால் டேட்டாவையும் பற்றரியையும் தின்று தீர்த்தது. எனவே 2020ஆம் ஆண்டளவில் வாகூ என்ற நெறிமுறைக்கு மாறினர். அதன் இலகு முறையில் எமது தொலைபேசி, வலிய கணினியொன்றிடம் "எனக்கான செய்திகளைத் தா" என்று கேட்கிறது. செய்தியின் உள்ளடக்கம் அக்கணினிக்குத் தெரியாது. கேட்பவர் எதைத் தேடுகிறார் என்பதை அது ஓரளவு அறியலாம்.

பணப்பையின் கதையும் அதுவே. எதீரியப் பேரேட்டை முழுமையாகத் தாங்கும் வல்லமை கைத்தொலைபேசிக்கு இல்லை. ஆகவே இன்ஃபூரா என்ற நிறுவனத்தின் கணினிகளை ஸ்டேட்டஸும் நம்பியிருந்தது, மெட்டாமாஸ்க்கும் நம்பியிருந்தது. 2020 நவம்பரில் இன்ஃபூரா தடைப்பட்டபோது அதனை நம்பிய சேவைகள் பல திணறின. 2022 மார்ச்சில் அதே நிறுவனம் ஓர் அமைப்பைத் தவறாக மாற்றியதால் வெனிசுவேலாவிலிருந்த மெட்டாமாஸ்க் பயனாளர் தமது பணப்பையை அணுக முடியாது தவித்தனர். நடுவில் எவருமில்லையென்றால் கதவைச் சாத்தியது யார்?

எமது வாவியைப் பாருங்கள். நீர் எல்லோருக்கும் பொது. ஆனால் முகத்துவாரத்தில் ஆற்றுவாயை வெட்டினால் வெள்ளம் வடியும், உவர்நீர் உட்புகும். விவசாயியும் மீனவரும் தத்தம் நியாயத்தோடு வாதாடுவர். வெட்டுவது சரியா பிழையா என்பதில் சண்டையிருக்கலாம். ஊருக்குச் சொல்லாமல் இரவோடிரவாக வெட்டலாம் என்று எவரும் வாதிடுவதில்லை.

"நிரல் திறந்தே இருக்கிறது, மாற்றங்களை அறிவித்தோமே" என்பார்கள். உண்மை, ஸ்டேட்டஸ் எதையும் ஒளித்ததாக நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் நிரலாளருக்கு ஆங்கிலத்தில் அறிவிப்பது வேறு, காத்தான்குடி வியாபாரிக்கும் வாகரை மீனவருக்கும் புரியவைப்பது வேறு. பத்திரிகை எங்கே, எவரால் அச்சிடப்படுகிறது என்பதை ஒவ்வொரு நாளும் அதன் மூலையில் அச்சிடுகிறோம். வாசகர் அதைப் படிப்பதில்லை. தேவைப்படும் நாளில் அது அங்கே இருக்கும். செயலிகளும் அவ்வாறே, எனது செய்தி எவர் கணினியூடாகப் போகிறது, பணப்பை எவரிடம் விசாரிக்கிறது, சென்ற முறைக்குப் பின் எது மாறியது என்பவற்றைத் திரையிலேயே, எனது மொழியில் சொல்லட்டும்.

அதுவரை அந்த இளைஞருக்கு நான் சொல்வது ஒன்றே: தம்பி, நடுவில் ஆள் இருக்கிறார். அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் இல்லையென்று மட்டும் நம்பிவிடாதீர்.