போட்டை மூடுமுன் கொஞ்சம் யோசிப்போம்



இந்த வருடம் முதலாம் தவணையில் தரம் 9 விஞ்ஞானத்துக்கு நுண்ணங்கிகள் பாடம். பூஞ்சணம் பிடித்த ஏதாவது ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். பாண் துண்டு வந்தது, தேசிக்காய் வந்தது, பழைய தோல் செருப்பு ஒன்றும் வந்தது. கடற்கரை வீதியிலிருந்து வரும் பையன் ஒருவன் சொப்பிங் பேக்கில் சுற்றி ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தான். செம்மஞ்சள் நிறம் பாதிதான் தெரிந்தது. மீதி கறுப்பும் சாம்பலுமாகப் புள்ளி புள்ளி. பையைத் திறந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"வாப்பா இதப் போடுறல்லயா மகன்?" என்று கேட்டோம்.

"இல்ல சேர். மணக்குது எண்டு வாடியில போட்டுட்டுப் போற."

பாண் துண்டுக்கு அன்றைக்கே புள்ளி போட்டுவிட்டோம். இந்த ஜாக்கெட்டுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. அதனால்தான் மாரி தொடங்குமுன் இந்தப் பதிவை எழுதுகிறோம்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் என்று நமது கரை நெடுக ஒவ்வொரு வருடமும் நடப்பது ஒன்றுதான். வாடைக் காற்று பிடித்துக் கடல் பொங்கத் தொடங்கியதும் சின்ன போட்டுகள் எல்லாம் மேட்டுக்கு ஏறும். பெரும்பாலும் அவசரத்தில், இருட்டில், பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்து இழுத்துத்தான் ஏற்றுவோம். ஈர வலை, ஈரக் கயிறு, ஈர ஜாக்கெட் எல்லாவற்றையும் உள்ளே திணித்து, மேலே நீலத் தறப்பாளைப் போர்த்தி, நாலு பக்கமும் மண் மூட்டை வைத்து இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம். மழை ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை என்ற நிம்மதி நமக்கு. பிறகு தையில், கடல் அடங்கியதும் தறப்பாளைத் தூக்கினால் அந்த மணம் முகத்தில் அடிக்கும்.

மழைக்குப் பயந்து மூடுகிறோம், அந்த மூடலே போட்டைக் கெடுக்கிறது. நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் நம் ஆட்கள் சிரிக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

பூஞ்சணம் ஒரு பங்கசு. அதன் வித்திகள் எந்தக் காற்றிலும் இருக்கும், அவற்றைத் தடுக்க யாராலும் முடியாது. அவை முளைக்க ஈரமும் கொஞ்சம் சாப்பாடும் போதும். காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே முளைக்கத் தொடங்கிவிடும். மாரியில் நமது கரையில் அது 80ஐத் தாண்டி நிற்பது வழக்கம். ஃபைபரை அது தின்னாது. ஃபைபரில் ஒட்டியிருக்கும் மீன் செதில், இரத்தம், எண்ணெய்ப் பிசுக்கு, தூசி இவையே அதற்கு விருந்து.

இதில் உப்பின் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. கறியுப்பு மாரியில் ஏன் போத்தலுக்குள் கசிகிறது என்று உம்மாமாரிடம் கேளுங்கள். ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவுக்குப் போனதும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே தண்ணீராகத் தொடங்கும். கடல் உப்பு இன்னும் முந்திக்கொள்ளும். ஆகவே உப்பு கழுவாத ஜாக்கெட்டும் கயிறும் மாரியில் காயவே மாட்டா. மழை படாவிட்டாலும் அவை காற்றிலிருந்தே குடித்துக்கொண்டிருக்கும்.

இனித் தறப்பாளுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பகலில் உள்ளே சூடேறி, ஈரமெல்லாம் ஆவியாகும். வெளியே போக வழியில்லை. இரவில் தறப்பாள் குளிரும், அந்த ஆவி அதன் அடிப்பக்கத்தில் நீர்த்துளியாகப் பிடித்துத் திரும்பவும் வலைமேல் சொட்டும். விடியற்காலையில் தறப்பாளின் அடியில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்குப் போட்டைக் கரையேற்றி முழுவதும் பிளாஸ்டிக் உறையால் போர்த்துகிறார்கள், ஆனால் அந்த உறையிலும் காற்றுப் போக ஓட்டைகள் வைக்கிறார்கள். அங்கே கடுங்குளிரில் பூஞ்சணமாவது கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். நமது மாரி வெதுவெதுப்பாக இருக்கிறது, இங்கே அதற்கு ஓய்வே இல்லை.

ஆகவே எங்கள் யோசனை கொஞ்சம் தலைகீழானது. போட்டைக் கரையேற்றியதும் உடனே மூடாதீர்கள். அணியத்தை ஒரு தென்னங்குற்றியில் உயர்த்தி, பின்பக்கம் தாழ வைத்து, அடித் தக்கையைக் கழற்றிவிட்டு, முதல் மழையில் திறந்தபடியே நனைய விடுங்கள். கரையோரக் கிணறுகளில் பாதி உவர்த் தண்ணீர், அதில் கழுவியும் பெரிய பலன் இல்லை. மழைத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும், அதுவும் இலவசமாக! தும்புத் தூரிகையும் கொஞ்சம் சவர்க்காரமும் எடுத்துப் பலகைக்கு அடியில், என்ஜின் பெட்டிக்குள், ஐஸ் பெட்டிக்குள் தேய்த்துவிடுங்கள். மாரியிலும் இடையிடையே வெயில் தரும் இரண்டு நாள் வரும். அதில் காயவிட்டு, அதற்குப் பிறகு மூடுங்கள். நடுவே ஒரு கம்பை நீளத்துக்குக் கட்டி, கூரைபோலத் தறப்பாளை இழுத்து, இரு முனையும் திறந்திருக்க வேண்டும். தக்கையைத் திரும்பப் போட வேண்டாம், கழற்றியதை மறக்காமல் எங்காவது கட்டித் தொங்கவிடுங்கள். தையில் தக்கையைத் தேடி அலையும் கூத்து எல்லா வாடியிலும் உண்டு.

வலை, கயிறு, ஜாக்கெட் ஒன்றும் போட்டுக்குள் இருக்கக்கூடாது. நைலோன் வருவதற்கு முன் பருத்தி வலைகளை மரப்பட்டை அவித்த சாயத்தில் தோய்த்து வைத்தார்கள், இல்லாவிட்டால் வலையே உக்கிப்போகும். நைலோன் உக்குவதில்லை என்றதும் நாம் காயவைக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டோம். வலையை நாள்கணக்கில் சுடுவெயிலில் பரப்புவதும் சரியில்லை, வெயில் நைலோனைப் பலவீனப்படுத்தும். நிழலில், காற்றில், தொங்கவிட வேண்டும்.

குளோரின் திரவம் பற்றி ஒரு எச்சரிக்கை. பூஞ்சணத்துக்கு அதுதான் மருந்து என்று சிலர் ஜாக்கெட்டையும் வலையையும் அதில் ஊறவைக்கிறார்கள். நைலோனை அது அரிக்கும். பட்டியும் தையலும் பலமிழந்த ஜாக்கெட் கடலில் கழன்றுபோனால் என்ன செய்வது? அதைவிட மோசம், குளோரினோடு வினாகிரியையோ கழிவறை கழுவும் அசிட்டையோ கலப்பது. அதிலிருந்து நச்சு வாயு வரும். என்ஜின் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அதைச் செய்வது உயிரோடு விளையாடுவது. சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் போதும். காய்ந்த பூஞ்சணத்தை நனைத்துவிட்டுத் தேயுங்கள், அப்போது வித்தி மூக்குக்குள் பறக்காது.

"பூஞ்சணம் பிடிச்ச போட் தாழவா போகுது சேர்?" என்று போன கிழமை ஒரு நானா எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். கறுப்புப் புள்ளியால் போட் தாழாது. ஆனால் அதே ஈரம் என்ஜின் பூட்டும் பின்பலகைக்குள் ஆணித் துளை வழியாக இறங்குகிறது. அதற்குள் இருப்பது பிளைவுட். அதை உக்கவைப்பது வேறு வகைப் பங்கசு, வெளியே தெரியாது. திருத்தக் கொடுக்கும்போதுதான் கணக்கு வரும், அதுவும் கடலுக்குப் போகாமல் கையில் காசில்லாத மாதத்தில். சிலர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள். இழுப்பு வருத்தமுள்ள பிள்ளை படுக்கும் அறையில் பூஞ்சணம் பிடித்த வலை இருந்தால் அந்தப் பிள்ளை மாரி முழுக்க இழுக்கும். ஜனவரியில் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயர் எங்களிடம் இருக்கிறது.

ஜாக்கெட் விசயம்தான் எல்லாவற்றையும்விடப் பாரம். மணக்கும் ஜாக்கெட்டை யாரும் போட மாட்டார்கள். போடாத ஜாக்கெட் கரையில் கிடக்கும், ஆள் கடலில் இருப்பார்.

மீனவர்களுக்கு அக்கறை இல்லை என்று ரோட்டில் நின்று பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. காற்று திரும்பும் இரவில் உயிரோடு போட்டைக் கரையேற்றுவதே பெரிய காரியம், அந்த நேரத்தில் யார் ஜாக்கெட்டைக் கழுவிக் காயப்போடுவார்? காயவைக்க இடமும் இல்லை. குறை நம் எல்லோரிடமும் இருக்கிறது. சந்தா வாங்கும் சங்கங்கள் கூட்டம் போடும் மண்டபம் கட்டியிருக்கின்றன, வலையும் ஜாக்கெட்டும் தொங்கவிட ஒரு கொட்டில் கட்டவில்லை. பாண் துண்டை வைத்துப் பங்கசு படிப்பிக்கும் நாங்களும் பிள்ளையின் வாசலில் நிற்கும் போட்டைப் பார்க்காமலே இத்தனை வருடம் பரீட்சைக்குப் படிப்பித்திருக்கிறோம்.

பெரிய செலவு வேண்டாம். நாலு காட்டுத் தடி, ஓலைக் கூரை, பக்கச் சுவர் இல்லாத ஒரு வாடி, குறுக்கே கயிறு. முப்பது ஜாக்கெட் தொங்கும். மண்ணிலிருந்து இரண்டு அடி உயர்த்தி ஒரு பரண் போட்டால் வலையும் இருக்கும்.

அந்தப் பையனின் ஜாக்கெட்டைப் பிள்ளைகளே சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆய்வுகூட வராந்தாவில் ஒரு கிழமை தொங்கவிட்டார்கள். கறுப்புப் புள்ளி முழுதாகப் போகவில்லை, மணம் போய்விட்டது. பட்டியையும் தையலையும் இழுத்துப் பார்த்தோம், உறுதியாக இருந்தது. அவனுடைய வாப்பா வந்து எடுத்துப் போனார். மோந்து பார்த்துவிட்டு, "இது நம்மட தானா?" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடற்கரையில் அந்தக் கொட்டிலுக்கு இடம் பார்க்க நிற்போம். கிடுகு தரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். தடி கிடைத்துவிட்டது, கயிறு பாதி இருக்கிறது.