கடைசி வாக்கு யாருக்கு?

1955 ஏப்ரலில் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலுக்கு உட்கார அறை இல்லை. வெளியே மரத்தடியில் மேசை போட்டு வேலை பார்ப்பேன் என்று அவர் மிரட்டிய பிறகுதான், மாடிப்படிக்குக் கீழே ஒரு சிற்றறை கிடைத்தது. சிரிப்பூட்டும் கதைதான். ஆனால், அன்றைய ஆட்சி எப்படி இருந்தது என்பதை அந்த அறையே சொல்லிவிடும். மக்கள் வாக்களித்தார்கள், நிதி, சட்டம், பாதுகாப்பு ஆகியவை பிரிட்டிஷ் அதிகாரிகளிடமே இருந்தன.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், 13 பேர் கொண்ட அனைத்துக்கட்சிக் குழுவுடன் மார்ஷல் லண்டன் சென்றார். லீ குவான் இயூ, லிம் சின் சியோங் இருவரும் அதில் இருந்தனர். பிரிட்டன் பலவற்றை விட்டுக்கொடுக்க முன்வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்பில் மட்டும் இறங்கி வரவில்லை. பாதுகாப்பு மன்றத்தில் இரு தரப்புக்கும் சம இடம் உண்டு. இழுபறி வந்தால் முடிவு செய்யும் வாக்கு பிரிட்டிஷ் ஆணையருக்கே என்றது. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துவிடுவார்களோ, ராணுவத் தளங்கள் கைநழுவுமோ என்ற அச்சம்தான் காரணம்.

அந்த ஒரு வாக்கில் பேச்சு முறிந்தது. வாக்குறுதி தந்தபடி, 1956 ஜூனில் மார்ஷல் பதவி விலகினார்.

நான் வசிக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து சற்றுத் தொலைவில்தான் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: இந்தத் தீவைக் காக்க முடியாமல் போனவர்கள், பதினான்கே ஆண்டுகளில், இதைக் காக்க எங்களை விட்டால் ஆளில்லை என்று எப்படிச் சொன்னார்கள்?

மார்ஷலுக்குப் பின் வந்த லிம் இயூ ஹாக், 1957இல் ஓர் உடன்பாடு கண்டார். பிரிட்டனுக்கு மூன்று இடம், சிங்கப்பூருக்கு மூன்று, மலாயாவுக்கு ஒன்று. கடைசி வாக்கு மலாயாவிடம் போனது. லண்டன் அவரை நம்பியதற்கு ஒரு காரணம், முந்தைய ஆண்டு அவர் இடதுசாரித் தொழிற்சங்கத்தினரைச் சிறையில் அடைத்தது. பின்னாளில் நம் அதிபரான தேவன் நாயரும் அவர்களில் ஒருவர்.

அதற்கான விலையை 1959 மே மாதத் தேர்தலில் அவர் கொடுத்தார். மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றது. சிறையில் இருந்த தோழர்களை விடுவித்த பிறகே பதவியேற்போம் என்று அந்தக் கட்சி உறுதியாக நின்றது. ஜூன் 3ஆம் தேதி தன்னாட்சி பிறந்தது.

ஹாங்காங்கை நினைத்துப் பாருங்கள். அதன் எதிர்காலத்தை முடிவு செய்த 1984 கூட்டறிக்கையை லண்டனும் பெய்ஜிங்கும் பேசி முடித்தன. அங்கு வாழ்ந்த மக்களுக்கு மேசையில் தனி இடமே இல்லை. நமக்கு இடம் இருந்தது. கோபத்தோடு எழுந்து வெளியேறவும் முடிந்தது.

மார்ஷலைத் தோற்றவர் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் முடிவு செய்யும் வாக்கு பிரிட்டனிடம் இருந்தால் அது தன்னாட்சி ஆகாது என்று முதலில் மறுத்தவர் அவர்தான். அடுத்த ஆண்டே அந்த வாக்கு பிரிட்டனின் கையை விட்டுப் போனது.